உங்கள் பெயரில் மீதி இல்லை

அந்த மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்த பதினான்கு பெண்களும் தங்கள் பெயரை ஒரே ஆளுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அந்த ஆள், மடிப்பு மேசையில் நிற்கும் அக்காவின் தம்பி.

அதில் மறைக்க ஒன்றுமில்லை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஒருவர் ஓர் ஆண்டில் இவ்வளவுதான் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பலாம் என்று அரசாங்கம் ஒரு வரம்பு வைத்திருந்தது. பணம் சுலபமாக வெளியே போக முடியாததால், வெளியிலிருந்து வரும் கிரிப்டோ நாணயத்துக்கு உள்ளூர்ச் சந்தையில் எப்போதும் விலை கூடுதல். தம்பி இங்கிருந்து பணம் அனுப்பி, வெளிநாட்டுச் சந்தையில் நாணயத்தை வாங்கி, சில நிமிடங்களில் இங்கே கொண்டுவந்து விற்பான். நூறு போட்டால் நூற்று நான்கு வரும், சில நாள் ஐந்து. தன் பெயரில் இருந்த வரம்பு பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனதும் அடுத்தவர் பெயர்களைத் தேடத் தொடங்கினான்.

"தக்காளி மாதிரிதான் அக்கா," என்று முதல்முறை விளக்கினான். "பக்கத்து ஊர்ல மலிவு, நம்ம ஊர்ல விலை கூட. வாங்கிட்டு வந்து விக்கிறோம். இதுல யார் வயித்துல அடிக்கிறோம்?"

"தக்காளின்னா கண்ணால பாக்கலாமே."

"இது அழுகாது. அதான் வித்தியாசம்."

எதைச் சொன்னாலும் அவன் வித்தியாசத்தில் கொண்டுபோய் முடிப்பதால் சலவைக்கூடத்தில் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது. மதிய டீ நேரத்தில் அவன் படிவங்களோடு வாசலில் தென்பட்டால், "வித்தியாசம் வந்தாச்சு, பேனாவைத் தேடுங்கடி" என்று உள்ளே குரல் போகும். அவர்கள் கணக்கில் அவன் பணத்தைப் போடுவான். அவர்கள் வங்கிக்குப் போய்க் கையெழுத்திட்டு வெளியே அனுப்புவார்கள். படிவத்தில் இரண்டு வரிகள் முக்கியம். ஒன்று, இது என் சொந்தப் பணம். மற்றொன்று, அனுப்பும் காரணம். இரண்டுமே பொய். கையெழுத்து ஒன்றுக்கு இரண்டு நாள் கூலி கிடைத்தது.

அக்காவுக்கு எதிரே நின்று விரிப்பு மடிக்கிறவளை எல்லோரும் உருளை என்பார்கள். சூடான இஸ்திரி உருளையில் பன்னிரண்டு வருடம் நின்றவள். "என் பேரை இதுவரைக்கும் ரேஷன்லயும் சம்பளச் சீட்டுலயும்தான் பாத்திருக்கேன்," என்று அவள் சொல்லுவாள். "இப்பதான் அது தனியா சம்பாதிக்குது. என் வீட்டுக்காரரவிட என் பேரு தேவலாம்."

அக்கா கடவுளுக்குப் பயந்தவள். முதல் கையெழுத்தின்போது 'சொந்தப் பணம்' என்ற இடத்தில் அவள் கை நின்றது. கவுண்டரில் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள் என்று தம்பி முணுமுணுத்தான். போட்டாள். அன்று படுக்கும்முன் கூடுதலாக ஒரு பிரார்த்தனை சொன்னாள். நான்காவது கையெழுத்துக்கு அது தேவைப்படவில்லை. நம்மில் யாருக்குத்தான் தேவைப்பட்டிருக்கிறது?

பதினான்கு பெயரிலும் அக்காவின் பெயர்தான் தம்பிக்குத் தங்கமாக இருந்தது. அவள் கணவர் உண்மையிலேயே வெளிநாட்டில் இருந்தார். கப்பல் பழுதுபார்க்கும் துறை ஒன்றில் சாரம் கட்டும் வேலை. 'வெளிநாட்டிலுள்ள கணவரின் செலவுக்கு' என்று எழுதினால் எந்த வங்கி ஊழியரும் மறுகேள்வி கேட்பதில்லை. உண்மையில் அவர்தான் வீட்டுக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது படிவத்துக்குத் தெரியாது. அந்த ஆண்டு அக்கா பதினோரு முறை கையெழுத்திட்டாள். வந்ததில் இரண்டு கதவு வைத்த ஃப்ரிட்ஜ் ஒன்று வாங்கினாள். பள்ளிவிட்டு வரும் மகள் அதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குளிர்காற்றில் முகத்தைக் காட்டுவாள். கரண்டு போகுது, மூடு என்று அக்கா அதட்டுவாளே தவிர, அவளுக்கும் அது பார்க்கப் பிடித்திருந்தது.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. சலவைக்கூடத்தில் கைபேசியை உள்ளே வைத்துக்கொள்ள முடியாது. ஈரமும் நீராவியும் கெடுத்துவிடும். வாசலில் வரிசையாக இருக்கும் சிறு தகரப் பெட்டிகளில் பூட்டிவைப்பார்கள். அக்காவின் தகரப் பெட்டி விடாமல் அதிர்ந்துகொண்டிருந்ததைக் கண்டு மேற்பார்வைக்காரம்மாவே வந்து அவளைக் கூப்பிட்டார்.

பேசியது, கணவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த வெல்டர். அவர் எதையும் வளைத்துப் பேசத் தெரியாதவர். சாரத்தின் பலகை நழுவிவிட்டது. கீழே விழுந்தவர்மேல் இரும்புக் குழாய்கள் சரிந்தன. உயிருக்கு ஆபத்தில்லை, வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியிருக்கிறது. ரத்தத்தை நிறுத்திவிட்டார்கள். எலும்பையும் நரம்பையும் சேர்க்கிற பெரிய ஆபரேஷனை வியாழக்கிழமை மதியத்துக்குள் செய்தால் கால் தப்பும். அதற்கு மருத்துவமனை முன்பணம் கேட்கிறது. ஒப்பந்தக்காரரின் கைபேசி காலையிலிருந்து அணைந்து கிடக்கிறது. அறையிலிருந்த பதினாறு பேரும் கையில் இருந்ததைப் போட்டுப் படுக்கைக்குக் கட்டிவிட்டோம், அதற்குமேல் எங்களால் முடியவில்லை, மன்னிச்சுக்கங்க என்றார். பணம் வந்து சேரவேண்டும் என்றுகூட இல்லை, வங்கியில் அனுப்பிய ரசீதைப் படம் எடுத்து அனுப்பினாலே கத்தியை எடுப்பார்கள் என்றும் சொன்னார்.

பணம் இருந்தது. இதைச் சொல்லியாக வேண்டும். கணவர் எட்டு வருடம் அனுப்பியதில் சேர்த்து வைத்த தொகை அக்காவின் கணக்கிலேயே இருந்தது. கேட்ட முன்பணம் அதில் பாதிகூட இல்லை. அதனால் அவள் அழவில்லை. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கடவுளே, பணத்துக்குத் தவிக்கவிடாமல் வைத்தாயே என்று நன்றி சொல்லிக்கொண்டேதான் வங்கிக்கு நடந்தாள்.

கவுண்டரில் இருந்த பெண் படிவத்தை வாங்கி, விசைகளைத் தட்டி, திரையைப் பார்த்தாள். மறுபடி தட்டினாள்.

"உங்க பேர்ல மீதி இல்ல மேடம்."

கணக்கில் பணம் இருக்கிறதே என்றாள் அக்கா. பணம் இருக்கிறது, இந்த வருடத்துக்கு அனுப்பும் வரம்புதான் தீர்ந்துவிட்டது என்றாள் அந்தப் பெண். இது வேறு எதற்கும் இல்லை, கணவருடைய ஆபரேஷனுக்கு என்று அக்கா விளக்கினாள்.

"அவருக்குத்தான் மேடம் இந்த வருஷம் பதினோரு தடவை அனுப்பியிருக்கீங்க," என்றாள் அந்தப் பெண். கேலியாக இல்லை. அப்படித்தான் திரையில் இருந்தது.

அக்காவின் முகத்தைப் பார்த்த ஊழியப் பெண் எழுந்து மேலாளரிடம் போனாள், திரும்பி வந்தாள். மருத்துவக் காரணத்துக்குத் தனி அனுமதி உண்டு, தலைமையகத்துக்குப் போய் வரப் பத்து வேலைநாள் ஆகும் என்றாள். வேண்டிய காகிதங்களைத் தானே ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, சொந்தக்காரர், தெரிந்தவர் யார் பெயரிலாவது வரம்பு மீதி இருந்தால் அவர் வந்து அனுப்பலாம், கூட்டிக்கொண்டு வாங்க என்றாள்.

தெரிந்தவர்களுக்கா பஞ்சம். அக்கா கிட்டத்தட்ட ஓடியே வீட்டுக்கு வந்தாள்.

தெருப்பக்கத்து அறையில் தம்பி இரண்டு கணினித் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். மாமா விழுந்ததைக் கேட்டதும் நாற்காலி உருண்டுபோகும்படி எழுந்தான். நல்லவன்தான். தகப்பன் இல்லாத வீட்டில் அவனைப் படிக்கவைத்தவர் அந்த மாமா. பணம் வேண்டுமா, எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றான். வேண்டியது பணம் இல்லை, ஒரு பெயர் என்று அவள் சொன்னதும் அவன் முகம் மாறியது.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் பெயர்கள். சலவைக்கூடத்துப் பெண்கள், மருத்துவமனைக் காவலாளிகள், அவன் முன்பு வேலை பார்த்த கைபேசிக் கடைக்காரர்கள், எதிர்ச்சாரி தையற்காரர், மருந்துக்கடைத் தம்பதி. தீர்ந்த பெயர்மீது சிவப்புக் கோடு இழுப்பது அவன் வழக்கம். தம்பியின் விரல் மேலிருந்து கீழே வந்தது. எங்கும் நிற்கவில்லை.

"ஒருத்தர் பேர்லகூடவா இல்ல?"

"டிசம்பர் ஆச்சேக்கா," என்றான். "வருஷம் முடிஞ்சா மீதி வீணாப் போயிடும். அதான் போன வாரம் ஒவ்வொருத்தர் வீடா போயி…"

போன வாரம் அவன் வீடு வீடாகப் போய் மிச்சம் மீதியைத் துடைத்து எடுத்து வந்தது அவளுக்கும் தெரியும். எவ்வளவு சுறுசுறுப்பு என்று பெருமையாகக்கூட நினைத்திருந்தாள்.

ஆனாலும் அவள் போனாள். கோடு தவறி விழுந்திருக்கலாம், யாராவது கடைசி நேரத்தில் வங்கிக்குப் போகாமல் விட்டிருக்கலாம் என்று ஒவ்வொரு கதவாகத் தட்டினாள். உருளை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். தையற்காரர் தன் பாஸ்புத்தகத்தையே கொண்டுவந்து காட்டினார், நம்பமாட்டாளோ என்று. மருந்துக்கடைக்காரரின் மனைவி மட்டும் கொஞ்சம் கசப்பாகச் சொன்னாள்: "எங்க பேரை உங்க தம்பிதானேம்மா சுரண்டி எடுத்துட்டுப் போனாரு. இப்ப நீங்க வந்து பாத்திரத்தைக் கவுத்துப் பாக்கிறீங்க." சொன்னபிறகு வருத்தப்பட்டு அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

புதன்கிழமை முழுவதும் தம்பி தன் வழியில் முயன்றான். இங்கே நாணயம் வாங்கி அந்த வெல்டரின் கைபேசிக்கு அனுப்பிவிட்டால் அங்கே விற்றுப் பணமாக்கலாம். வாங்கினான். புதிதாக வாங்கிய நாணயத்தை மூன்று நாளைக்கு வெளியே அனுப்ப முடியாது என்று சந்தை நிறுத்திவைத்தது. திருட்டைத் தடுக்க வந்த விதி. வெளிநாட்டுச் சந்தையில் கிடந்த பணத்தை எடுக்கப் பார்த்தான். அது வந்த கணக்குக்கே திரும்பும், வேறு எவருக்கும் போகாது என்றது. ஒரு நாளில் நாலைந்து முறை எல்லை தாண்டிப் பணத்தை ஓட்டிக்கொண்டிருந்தவனால் ஒரு மருத்துவமனைக்கு ஒரு முறை அனுப்ப முடியவில்லை. அவன் விசைகளைத் தட்டும்போது விரல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்வதை அக்கா பார்த்தாள். பார்க்கப் பொறுக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

பிரார்த்தனைக்குப் போகும் இடத்தில் பழக்கமான வசதியுள்ள ஒருவரிடம் போனாள். அவர் பெயரில் வரம்பு முழுசாக இருந்தது. விடுமுறைக்கு மகன் குடும்பம் வெளிநாடு போகிறது, ஹோட்டலுக்குக் கட்டவேண்டியிருக்கிறது, பாதியில் நின்றால் சிரமம் என்றார். உங்களுக்காக நிச்சயம் வேண்டிக்கொள்கிறேன் என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். அவர் வேண்டிக்கொண்டிருப்பார், சந்தேகமில்லை.

வெல்டர் மாலையில் பேசினார். காய்ச்சல் கொஞ்சம் இருக்கிறது, ரசீது கிடைத்ததா என்றார். நாளைக்கு என்றாள் அக்கா. எப்படி என்று அவளுக்குத் தெரியாது.

வீட்டுக்குத் திரும்பிப் படிக்கட்டருகே வந்தபோதுதான் மேல்வீட்டில் விளக்கு எரிவதைக் கவனித்தாள். அங்கே இருந்தவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அவர் குளியலறைத் தண்ணீர் ஒழுகி, கீழே தம்பியின் திரை ஒன்று பாழாகிப் போனதில் இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை. தம்பி நகராட்சியில் எழுதிக்கொடுத்து அவருக்கு அபராதம் வாங்கிக்கொடுத்தான். அவனிடம் அவருக்குப் பெயர் 'ஒழுகல்'; அவரிடம் இவனுக்குப் பெயர் 'கம்ப்யூட்டர்'. தெரு முழுக்கப் பெயர் வாங்கின தம்பி அந்த ஒரு கதவை மட்டும் தட்டவில்லை. அதனாலேயே அந்த ஒரு பெயர் மிச்சம் இருந்தது. நாம் வீம்புக்கு மூடிவைத்த கதவுக்குப் பின்னால் நமக்கானதைக் கடவுள் பத்திரப்படுத்தி வைத்திருப்பார் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். அக்கா அன்று சிரிக்கவில்லை.

ஓட்டுநர் பக்கெட்டில் வெந்நீர் வைத்துக் கால்களை ஊறப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து மணிநேரம் பெடலை மிதித்த கால்கள். கதவு திறந்துதான் இருந்தது.

"உள்ள வாங்க தங்கச்சி. வாசல்ல நின்னு என்ன பேச்சு," என்றார், நேற்றுத்தான் பேசிவிட்டுப் பிரிந்தவர்போல.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பதினோரு கையெழுத்தையும் சேர்த்தே சொன்னாள். அவர் காலைத் தண்ணீரிலிருந்து எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், எந்த வங்கி, எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று மட்டும் கேட்டார். நாளை அவருக்குக் காலை ஷிஃப்ட் என்பது அவளுக்குத் தெரியும். விடுப்பு எடுத்தால் மாதக் கடைசியில் வரும் ஊக்கத்தொகை போகும். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் படியிறங்கும்போது பின்னாலிருந்து சொன்னார்:

"உங்க தம்பி தெருவுல எல்லார்கிட்டயும் கேட்டான். என்கிட்ட மட்டும்தான் கேக்கல. எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்கூட உண்டு தங்கச்சி."

வியாழக்கிழமை வங்கி திறக்குமுன்பே இருவரும் வாசலில் நின்றார்கள். ஓட்டுநர் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவை. படிவத்தை வாங்கி, கண்ணாடியை மாட்டி, ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். அக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். அவருடைய விரல் ஓர் இடத்தில் நின்றது.

"இது என் சொந்தப் பணம்னு போட்டிருக்கே."

"எல்லாரும் அப்படித்தான்ணா போடுவாங்க," என்றாள் அவள். சொல்லி முடிக்கும்போதே அது தம்பியின் வாக்கியம் என்பது உறைத்தது.

"உங்க பணத்தை என் பணம்னு எழுதச் சொல்லுதே. நான் எப்படி எழுதறது?"

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு தூரம் வந்து இப்படியா என்றிருந்தது. ஓட்டுநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கவுண்டர் பெண்ணிடம் திரும்பி, இதே வங்கியில் தன் பெயரில் ஒரு வைப்புநிதி இருக்கிறது, இன்றைக்கே உடைக்க முடியுமா என்று கேட்டார். ஓய்வுபெற்றபின் கூரையை மாற்றவேண்டும் என்று ஒன்பது வருடமாகச் சேர்த்தது. முதிர்வுக்கு ஏழு மாதம் இருந்தது. இப்போது உடைத்தால் வட்டியில் பெரும்பகுதி போய்விடும் என்று அந்தப் பெண் எச்சரித்தாள்.

"போகட்டும்மா. என் பணத்தை நான் அனுப்பறேன். காரணம்னு இருக்குல்ல, அதுல பக்கத்து வீட்டுக்காரர் வைத்தியத்துக்குன்னு எழுதிக்கங்க. இவங்க எனக்கு எப்ப முடியுதோ அப்ப குடுக்கட்டும்."

கவுண்டர் பெண் வரிசையில் நின்ற மற்றவர்களைப் பார்த்து, ஒரு அவசரம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றாள். யாரும் முணுமுணுக்கவில்லை. பத்து மணி முப்பத்தைந்துக்கு ரசீது வெளியே வந்தது. அக்கா அதைக் கவுண்டர் கண்ணாடிமேல் விரித்து வைத்துப் படம் எடுத்தாள். முதல் படம் கலங்கிவிட்டது, இரண்டாவதை அனுப்பினாள்.

பார்த்ததற்கான குறி வந்தது. பதில் வரவில்லை. அவர்கள் வங்கியின் இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

வெல்டர் கூப்பிட்டபோது மணி பதினொன்று. விடியற்காலையில் காய்ச்சல் திடீரென்று ஏறிவிட்டது, நஞ்சு மேலே பரவுகிறது, மதியம் வரை காத்திருந்தால் ஆள் தங்கமாட்டார் என்று சொல்லிவிட்டார்கள் என்றார். ஐந்து மணிக்கே எடுத்துவிட்டார்கள். முழங்காலுக்கு மேலே. நான்தான் கையெழுத்துப் போட்டேன், வேறு யாரும் இல்லை, உங்களைக் கேட்காமல் போட்டுவிட்டேன் என்று அந்த முரட்டு மனிதர் விம்மினார். பணம் வீண் இல்லை என்றும் சொன்னார். இனிமேல்தான் தீவிர சிகிச்சை, முன்பணம் இல்லையென்றால் இன்று மாலையே பொது வார்டில் போட்டுவிடுவார்கள். அங்கே போனால் பிழைப்பது கஷ்டம்.

அக்கா கைபேசியை மடியில் வைத்தாள். ஓட்டுநருக்கு ஷிஃப்ட் போய்விட்டது, வட்டி போய்விட்டது, எழுந்து போயிருக்கலாம். அவள் எழுந்திருக்கும்வரை அந்த நாற்காலியிலேயே இருந்தார். அவள் அதற்காக அவரைக் கடைசிவரை மறக்கவில்லை.

வீட்டில் தம்பி நடுக்கூடத்தில் நின்றிருந்தான். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். அவள் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதன்பிறகு பல நாள் அவன் தெருப்பக்கத்து அறையிலேயே கிடந்தான். திரைகள் அணைந்திருந்தன. வைத்த சாப்பாடு பாதி அப்படியே திரும்பி வரும். மேல்வீட்டுக்குப் போய் ஒரு நன்றி சொல் என்று அக்கா இரண்டு முறை சொன்னாள். தலையை ஆட்டினான், போகவில்லை. அவர் பேருந்துக்குக் கிளம்பும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்வான். ஓட்டுநரின் தொகையை அந்த வாரமே அக்கா திருப்பிக் கொடுத்தாள். போன வட்டியையும் சேர்த்து வைத்திருந்தாள். அவர் வட்டியை எண்ணி எடுத்து அவள் கையிலேயே வைத்துவிட்டார்.

சலவைக்கூடத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. விரிப்பை மடிக்கும்போது இருவர் எதிரும் புதிருமாக நடந்து வந்து, கையோடு கை சேர்ந்ததும் ஒருத்தி விட்டுவிட வேண்டும். அந்த நாட்களில் உருளை உடனே விடமாட்டாள். அக்காவின் விரல்களை ஒரு நொடி பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் விடுவாள். நாளொன்றுக்கு நானூறு விரிப்புகள். நானூறு முறையும் அப்படித்தான்.

கணவர் தெளிவாகப் பேசும் நிலைக்கு வந்தபோது புத்தாண்டு பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அக்கா கைபேசியைச் சாப்பாட்டு மேசையில் சாய்த்துவைத்து ஒலிபெருக்கியைப் போட்டாள். தம்பி தன் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

கணவர் முதலில் மகளைப் பற்றிக் கேட்டார். வெல்டர் தனக்குச் சவரம் செய்துவிட்ட அழகைச் சொல்லி, கப்பலுக்குப் பெயின்ட் சுரண்டுகிற மாதிரி சுரண்டினான் என்றார். அவள் சிரிக்க முயன்றாள். பிறகு அவர் கேட்டார்.

"ஒரு நாள் முன்னாடி செஞ்சிருந்தா நின்னிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. கோபத்துல கேக்கல. நம்மகிட்ட பணம் இருந்துச்சே, அதான் கேக்கறேன்."

கடவுள் சித்தம் என்ற சொல் அவள் நாக்கு நுனிவரை வந்தது. அவள் அதை விழுங்கினாள். தான் போட்ட கையெழுத்துக்குக் கடவுளைப் பொறுப்பாக்க அவளுக்கு மனம் வரவில்லை.

"என் பேர்ல மீதி இல்லங்க. வருஷத்துக்கு இவ்வளவுதான்னு ஒரு அளவு இருக்கு. உங்க செலவுக்குன்னு எழுதிப் பதினோரு தடவை கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எனக்கா அனுப்பின?"

"இல்ல."

"பின்ன?"

"ஃப்ரிட்ஜ் வாங்கினேன்," என்றாள்.

அந்தப் பக்கம் வார்டில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போகும் சத்தம் வந்தது, தூரத்தில் ஒரு இருமல் வந்தது. அக்கா மேசையின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் பாதி பாரம் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். தம்பியின் பெயரை அவள் சொல்லவில்லை.

தம்பி வாசலைவிட்டு வந்தான். மேசையருகே வந்து, குனிந்து, கைபேசியிடம் பேசினான்.

"மாமா, நான்தான். அக்காவை இதுல இழுத்து விட்டது நான்தான். எல்லார் பேரையும் நான்தான் துடைச்சு வெச்சிருந்தேன்."

"தெரியும்டா," என்றார் அவர். குரல் களைத்திருந்தது. "இவ தனியா பேங்குக்குப் போற ஆளு இல்ல."

தம்பி ஏதேதோ சொல்லத் தொடங்கினான். புது வருடம் பிறந்துவிட்டது, தன் பெயரில் வரம்பு திரும்ப வந்திருக்கிறது, இந்த ஆண்டு அதில் ஒரு காசுகூட வேறெதற்கும் தொடமாட்டேன், செயற்கைக் காலுக்கும் வைத்தியத்துக்கும் முழுவதையும் அனுப்புவேன், அடுத்த ஆண்டும் அனுப்புவேன் என்றான். வாய் குழறியது. மாமா குறுக்கே பேசாமல் கேட்டார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்று சொல்ல அவருக்கு இன்னும் நாள் ஆகும். சொல்லாமலே போனாலும் போகலாம். எடுத்த கால் எடுத்ததுதான். இனி அவர் சாரம் ஏறப்போவதில்லை.

"மேல் வீட்டுக்காரர் இருக்காரா இப்ப?" என்று கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை. இருப்பாருங்க," என்றாள் அக்கா.

"நான் அவர்கிட்ட பேசணும். போனை அவர் கையில குடு."

அக்கா கையை நீட்டினாள்.

"நீ இல்ல. அவன் கொண்டு போகட்டும்."

தம்பி அக்காவைப் பார்த்தான். கைபேசியை இரண்டு கைகளாலும் எடுத்துக்கொண்டு வெளியே போனான். படிக்கட்டில் அவன் கால்கள் மெதுவாக ஏறுவது கேட்டது. திருப்பத்தில் நின்றன. "ஏறுடா" என்று கைபேசிக்குள்ளிருந்து மாமாவின் குரல் மெலிதாக வந்தது. மறுபடி ஏறின.

முதல் தட்டல் யாருக்கும் கேட்கிற மாதிரி விழவில்லை. அக்கா கீழே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டாவது கொஞ்சம் பலமாக விழுந்தது.

"யாரு?"

"கீழ் வீட்டுலேருந்துண்ணே," என்றான் தம்பி. "எங்க மாமா உங்ககிட்ட பேசணுமாம்."